பந்து காலில் ஒட்டக் கூடாது: பழைய பாணிக் கால்பந்து கேம்கள் ஒரு மதிப்பீடு

புதிதாக ஒரு பழைய பாணிக் கால்பந்து கேம் கைக்கு வந்தால் நான் முதலில் கோல் போட முயல்வதில்லை. பயிற்சி ஆட்டம் ஒன்றைத் திறந்து, ஒரு வீரரைப் பந்தோடு நேராக ஓடவிட்டு, நடுக்கோட்டைத் தாண்டியதும் சட்டென்று பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பேன். நூல் கட்டியதுபோல் பந்தும் அவரோடு திரும்பினால், அந்த கேமுக்கு நான் தரவிருந்த மதிப்பெண்ணில் பாதி அங்கேயே போய்விடும். வீரர் ஒரு பக்கம் திரும்ப, பந்து தன் போக்கில் இன்னும் நாலடி உருண்டு எதிரணிக்காரரின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தால், அன்றைய மாலை வீணாகாது என்று நிம்மதியடைவேன்.

இதைச் சொந்த விருப்பம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் இந்த வகையில் அண்மை ஆண்டுகளில் வந்தவற்றையும், அவற்றுக்கெல்லாம் மூலமாக இருந்த பழையவற்றையும் மாறி மாறி ஆடிப் பார்த்த பிறகு, இவற்றின் சுவையும் குறையும் பெரும்பாலும் அந்த நாலடியில்தான் இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா, பின்னணி இசை பழைய கருவியின் சீட்டியொலிபோல் கேட்கிறதா என்பவையெல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள்.

பழைய பாணி அல்லது ஆர்கேட் பாணி என்று இங்கே நான் சொல்வது, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் முடியும் ஆட்டம், ஒன்றிரண்டு பொத்தான், விரல்நுனி அளவு வீரர்கள், ஓரிரு ஆட்டங்களிலேயே கைக்குப் பிடிபடும் விதிகள் ஆகியவற்றைத்தான். 1985-இல் வந்த டெஹ்கன் வேர்ல்ட் கப் என்ற ஆர்கேட் கேம், அதாவது பொதுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் கேம், மேசை போன்ற பெட்டிக்குள் திரையைப் படுக்கவைத்து, அதன் ஓரத்தில் பதித்த உருளையை உள்ளங்கையால் சுழற்றி வீரரை ஓடவைத்தது. மேலிருந்து கீழே மைதானத்தைப் பார்க்கும் கோணம் அப்போதே இருந்தது. ஆனாலும் இன்று பழைய பாணி என்ற பெயரில் விற்பவற்றில் பலவும் தம் வம்சாவளியைத் தேடிப் போனால் கடைசியில் இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கும்: கிக் ஆஃப், சென்சிபிள் சாக்கர்.

டினோ டினி எழுதிய கிக் ஆஃப் 1989-இல் அமிகா, அட்டாரி எஸ்டி கணினிகளுக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த கால்பந்து கேம்களில் பந்தைத் தொட்டவுடன் அது வீரரின் காலோடு ஒட்டிக்கொள்வதே வழக்கம். டினி பந்தைத் தனிப் பொருளாக்கினார். ஓடும் வீரர் ஒவ்வோர் அடியிலும் அதைச் சற்று முன்னே தட்டிவிடுவார். அவ்வளவுதான் அவருக்கும் அதற்கும் உள்ள உறவு. திரும்ப வேண்டுமானால் முதலில் பொத்தானை அழுத்திப் பந்தை நிறுத்த வேண்டும், அல்லது ஓட்டத்தின் கோணத்தை முன்கூட்டியே கணித்துப் பந்தைச் சுற்றி வளைந்து போக வேண்டும். இந்த ஒரே மாற்றத்தால் வேகத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது. வேகமாக ஓடினால் பந்து காலைவிட்டு விலகும். விலகாமல் இருக்க மெதுவாகப் போனால் பின்னால் வருபவர் எட்டிப் பிடிப்பார். எப்போது பாஸ் கொடுப்பது, எப்போது காத்திருப்பது என்ற கணக்கெல்லாம் விதிப்புத்தகத்தில் எழுதப்படாமலே இங்கிருந்து பிறந்துவிடுகிறது.

கிக் ஆஃப் தொடக்கக்காரருக்கு இரக்கம் காட்டாத கேம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் ஆடுபவர் பந்தைத் தொடுவதைவிட அதைத் துரத்துவதிலேயே பொழுதைக் கழிப்பார். பந்தாட்டத்துக்குப் பதில் சறுக்கு மைதானத்தில் சோப்புக்கட்டியைத் துரத்துகிறோமோ என்ற ஐயம் எனக்கே முதல் வாரம் வந்ததுண்டு. ஆனால் அந்தக் கடினம் வீண்போகவில்லை. 1990-இல் வந்த அதன் இரண்டாம் பாகத்துக்கு, 2001 முதல் ரசிகர்களே கூடி உலகக் கோப்பைப் போட்டி நடத்தி வருகிறார்கள். கற்றுக்கொள்ள இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்ற எண்ணம் இல்லாவிட்டால், கணினியே வழக்கொழிந்த பிறகும் ஒரு கேமை இத்தனை காலம் யாரும் தூக்கிச் சுமக்க மாட்டார்கள்.

1992-இல் ஜான் ஹேரும் கிறிஸ் யேட்ஸும் நடத்திய சென்சிபிள் சாஃப்ட்வேர் நிறுவனம் சென்சிபிள் சாக்கரைக் கொண்டுவந்தபோது, டினியின் பந்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றியது. கேமராவை மிகவும் மேலே தூக்கினார்கள். தங்களுடைய முந்தைய கேமான மெகா லோ மேனியாவின் குட்டி மனிதர்களைப் போலவே வீரர்களையும் எறும்பளவுக்குச் சுருக்கினார்கள். வீரர் சிறுத்ததும் மைதானம் பெருத்தது. பாஸ் வாங்கப் போகிறவர் எங்கே நிற்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்ததால், குருட்டாம்போக்கில் உதைத்த காலம் போய், இடம் பார்த்துக் கொடுக்கும் ஆட்டம் சாத்தியமாயிற்று. பந்தும் கிக் ஆஃபில் இருந்ததைவிடச் சற்றுப் பணிவானது; ஆனாலும் ஒட்டாது.

சென்சிபிளில் உள்ள ஒரே பொத்தான் செய்யும் வேலைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். லேசாகத் தட்டினால், முகம் பார்க்கும் திசையில் நிற்கும் சக வீரருக்குப் பாஸ். சற்று அழுத்திப் பிடித்தால் உதை. பந்து நம்மிடம் இல்லாதபோது அதே பொத்தான் சறுக்கித் தட்டுவதற்கு; பந்து காற்றில் இருந்தால் தலையால் முட்டுவதற்கு. உதைத்த பிறகும் ஆட்டக்காரரின் வேலை முடிவதில்லை என்பதுதான் இதில் அழகு. பந்து காலைவிட்டுக் கிளம்பிய அந்தக் கணநேரத்தில் ஜாய்ஸ்டிக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் பந்து அந்தப் பக்கம் வளையும், பின்னால் இழுத்தால் மேலெழும். ஆஃப்டர்டச் என்று ஆடுபவர்கள் சொல்லும் இந்த வித்தையைக் கிக் ஆஃபின் இரண்டாம் பாகம் முன்பே அறிமுகப்படுத்தியிருந்தாலும், அதைக் கைக்கு இதமாக்கியது சென்சிபிள்தான்.

சென்ற வாரம் தங்கையோடு ஆடிய ஆட்டத்தில் வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோனேன். அவளுடைய தடுப்பாட்டக்காரர் சறுக்கி வந்ததும் உள்ளே திரும்பினேன்; பந்து வழக்கம்போல் ஒரு முழம் முன்னே ஓடிவிட்டது. அதை எட்டிப் பிடித்த கையோடு, பெனால்டி எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்தே, கோலுக்கு வெகு தூரம் விலகிய திசையில் உதைத்து, உடனே ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தேன். பந்து வெளியே போகிறது என்றே இருவரும் நினைத்தோம். கோல்கீப்பரும் அப்படி நினைத்திருப்பார் போலும், நின்ற இடத்திலேயே நின்றார். கடைசி நேரத்தில் பந்து உள்நோக்கி வளைந்து தூரத்துக் கம்பத்தின் உட்பக்கத்தில் பட்டு வலைக்குள் விழுந்தது. அது என் திறமையா, தற்செயலா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் வேண்டுமென்றே செய்தான் என்று அவள் நம்பிவிட்டாள், நானும் மறுக்கவில்லை. திறமைக்கும் தற்செயலுக்கும் நடுவிலுள்ள இந்த மெல்லிய இடைவெளியைத் தத்ரூபமான பெரிய கேம்கள் அநேகமாக அடைத்துவிட்டன. அங்கே பதினைந்து பொத்தான்களின் சேர்க்கையை மனப்பாடம் செய்தவருக்குக் குறிப்பிட்ட வித்தை குறிப்பிட்டபடி வந்துவிடும்.

1994-இல் வந்த சென்சிபிள் வேர்ல்ட் ஆஃப் சாக்கர் இதே ஆட்டத்தின் மேல் ஏறத்தாழ 1,500 அணிகளையும் 27,000 வீரர்களையும் ஏற்றி, 20 பருவங்கள் நீளும் மேலாளர் வாழ்க்கையையும் சேர்த்தது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி லோவுட் தலைமையிலான குழு, பாதுகாக்க வேண்டிய கேம்கள் என்று 2007-இல் அறிவித்த பத்தில் இதுவும் ஒன்று. டெட்ரிஸ், டூம் போன்றவற்றோடு அந்த வரிசையில் இடம்பெற்ற விளையாட்டுத்துறை கேம் இது மட்டுமே.

இன்னொரு கிளையும் உண்டு. கொனாமியின் இன்டர்நேஷனல் சூப்பர்ஸ்டார் சாக்கர் டீலக்ஸ், 1995-இல் சூப்பர் நின்டெண்டோ கேம் கருவியில் பக்கவாட்டுக் கோணத்தில், பெரிய வீரர்களோடு, தடதடவென்ற வேகத்தில் வந்தது. உண்மையான வீரர்களின் பெயரைப் பயன்படுத்த உரிமம் இல்லாததால் அதன் வீரர்கள் எல்லோரும் கற்பனைப் பெயர் தாங்கியவர்கள். ஆனால் பிரேசில் அணியில் 7-ஆம் எண் சட்டை அணிந்த அலெஜோ என்ற அந்த இல்லாத மனிதர், இருந்த பலரைவிடப் புகழ் பெற்றுவிட்டார். ஆளைப் பெயரால் அல்லாமல் அவர் கையாளும் பந்தால் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இனி இன்றைய வரவுகள். உருகுவேயின் பட்டோவி நிறுவனத்தின் பிக்சல் கப் சாக்கர் தொடர், அர்ஜென்டினாவின் பர்ப்பிள் ட்ரீ செய்த கோலாசோ, 1970-கள் முதல் 1990-கள் வரையிலான கால்பந்தின் முடியலங்காரத்தையும் குட்டைக் கால்சட்டையையும் கொண்டாடும் லெஜண்டரி லெவன், ஜான் ஹேரே மீண்டும் களமிறங்கிய சோஷியபிள் சாக்கர் என்று வரிசை நீளமானது. இவற்றில் பிக்சல் கப் சாக்கர் தன் அளவை அறிந்த கேம். மேலிருந்து பார்க்கும் கோணம், உருண்டு திரண்ட வீரர்கள், கோல் விழும்போது அதிரும் கூட்டம் எல்லாம் கண்ணுக்கு விருந்து. பந்து மட்டும் நான் விரும்பும் அளவுக்கு விட்டுப்போவதில்லை. லெஜண்டரி லெவனும் கோலாசோவும் பக்கவாட்டுக் கோணத்து ஆர்கேட் மரபைச் சேர்ந்தவை. அவை மேலே பறக்கும் சென்சிபிளைவிடக் கொனாமிக்கே நெருங்கிய உறவுக்காரர்கள். நண்பர்கள் கூடியிருக்கும்போது அரைமணி நேரம் ஆடச் சலிக்காதவை, ஆனால் ஒரு மாதம் தாங்குவது கடினம்.

இத்தகைய கேம்கள் பலவற்றில் எனக்குத் தோன்றும் பொதுக்குறை, பழமையைக் கண்ணால் நகலெடுத்துக் கையால் நகலெடுக்காமல் விடுவது. பெரிய பெரிய கட்டங்களால் வரைந்த வீரர் ஒரு காலத்தில் யாருடைய விருப்பத் தேர்வும் அல்ல. கணினியின் நினைவகம் அவ்வளவுதான் அனுமதித்தது. மேலும் பழைய டிவிகளின் குழாய்த் திரையில் அந்தக் கட்டங்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று கசிந்து, உருவங்கள் மென்மையாகவே தெரிந்தன. இன்றைய தட்டைத் திரையில் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும் கட்டங்களைப் பார்த்து அதுதான் அந்தக் காலம் என்று நம்புபவர்கள், அந்தக் காலத்தை நேரில் பார்த்ததில்லை. கட்டங்களைக் கொண்டுவருவது எளிது. ஓடும் காலுக்கும் உருளும் பந்துக்கும் இடையே அந்த நாலடியைச் சரியாக அளந்து வைப்பதற்குத்தான் மாதக்கணக்கில் உட்கார வேண்டும்.

மூலங்களிலேயே இருந்த குறைகளையும் மறைக்கக் கூடாது. அவற்றில் முதலாவது, தப்பாத கோல். சிறிய கேமில் சாத்தியங்கள் எண்ணி முடிக்கக்கூடியவை என்பதால், கோல்கீப்பரை எப்போதும் ஏமாற்றும் ஓர் இடம், ஒரு கோணம் எங்காவது ஒளிந்திருக்கும். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1993-இல் வெளியிட்ட முதல் ஃபிஃபாவில், பந்தை உதைக்க வரும் எதிரணிக் கோல்கீப்பருக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டால் அவர் உதைக்கும் பந்து நம் மேல் பட்டு அவர் வலைக்கே திரும்பிவிடும். அதே கேமில் அட்டை காட்ட வரும் நடுவரிடமிருந்து ஓடித் தப்பிக்கவும் முடியும். இது குறையா கொடையா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. நடுவரை மைதானம் முழுக்க ஓடவிட்டதைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்பவர்கள் பலர். கோல்கீப்பர் விஷயம் அப்படியல்ல. அந்த இடத்தை ஒருவர் கண்டுபிடித்த நாளோடு ஆட்டம் செத்துவிடுகிறது. அதன்பின் நடப்பது, யார் முதலில் அங்கே போய் நிற்பது என்ற ஓட்டப்பந்தயம் மட்டுமே. சென்சிபிளிலும் தொலைதூரத்திலிருந்து வளைத்து அடிக்கும் கோலை நன்கு பழகியவர், பழகாதவரை எழுந்திருக்கவே விடமாட்டார். எங்கள் வீட்டில் பெனால்டி எல்லைக்கு வெளியே இருந்து அடிப்பது இரண்டு முறைக்கு மேல் கூடாது என்று வாய்மொழி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

தனியாக ஆடும்போது வெளுத்துப்போவது அடுத்த குறை. கணினி நடத்தும் எதிரணிக்குத் திட்டம் என்று ஒன்று அநேகமாக இருப்பதில்லை. கடினமான நிலை என்று தேர்ந்தெடுத்தால் அவர்கள் புத்திசாலித்தனமாக ஆடுவதற்குப் பதில் வேகமாக ஓடத் தொடங்குவார்கள், அவ்வளவே. நமக்கு ஒட்டாத பந்து அவர்களுக்கு மட்டும் ஒட்டுவதுபோல் தோன்றும் கேம்களும் உண்டு. அதைப்போல் எரிச்சல் தருவது வேறில்லை. இரண்டு பேர் ஒரே இருக்கையில் தோளோடு தோள் முட்டி உட்கார்ந்து ஆடும்போது இந்தக் குறை கண்ணுக்கே படாது. ஏனெனில் ஏமாற்றுவது, சலிப்பது, பழிவாங்குவது எல்லாவற்றையும் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

இங்கே சிறிய தொழில்நுட்பச் சங்கதி ஒன்றையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய அமிகா விநாடிக்கு 50 முறை திரையைப் புதுப்பித்தது, அதாவது ஒரு படத்துக்கு 20 மில்லிவிநாடி. அக்காலத்துக் குழாய்த் திரை வந்த படத்தைத் தாமதிக்காமல் அப்படியே காட்டிவிடும். இன்றைய டிவிகளில் படத்தை மெருகேற்றும் வேலைகளை அணைக்காமல் விட்டால் 100 மில்லிவிநாடி அளவுக்குத் தாமதம் சேர்வது அரிதல்ல. பந்து காலைவிட்டு விலகும் கேமில் அது ஐந்து படங்களின் தாமதம். திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பியும் திரும்பாததுபோல் ஆகிவிடும். கேம் சரியில்லை என்று என்னிடம் குறைசொன்ன இருவரின் டிவியில், அந்த மெருகேற்றலை அணைக்கும் கேம் மோடு அமைப்பை இயக்கிக் கொடுத்த பிறகு அவர்கள் வாயடைத்துப்போனார்கள். இணையம் வழி ஆடும்போது இதே தாமதம் இன்னொரு வேடத்தில் வரும். அதை மறைக்கப் பந்தைக் காலோடு ஒட்டிவைக்கத் தோன்றுவது இயல்பே. அப்படி ஒட்டிவிட்டால் மிஞ்சுவது பழைய பாணிச் சட்டை மாட்டிய வேறு ஏதோ ஒரு கேம்.

கைபேசியில் எனக்கு நேர்ந்த அனுபவம் கசப்பானது. பழைய பாணி என்று விளம்பரம் பார்த்து வாங்கிய ஒரு கேமில், பெயர் வேண்டாம், கண்ணாடித் திரையின் மேல் வரைந்த பொய் ஜாய்ஸ்டிக்தான் கட்டுப்பாடு. எட்டுத் திசைகளில் எதில் சாய்த்திருக்கிறோம் என்று விரலுக்குத் தெரிவிக்க அங்கே எதுவும் இல்லை. இடது கட்டைவிரல் மைதானத்தின் ஒரு மூலையை முழுதாக மூடிவிட, அங்கே நிற்கும் என் வீரருக்குப் பாஸ் கொடுக்கும் யோசனையே வராது. போதாததற்கு மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை வீரர் அட்டைப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லி, பளபளவென்று ஒரு திரை வந்து நிற்கும். ஒற்றைப் பொத்தானும் ஐந்து நிமிடமும் போதும் என்று பிறந்த ஒரு வகையின் மேல், மாதக்கணக்கில் பிடித்துவைக்கும் இந்தத் தூண்டிலைக் கட்டுவது எனக்கு ஏற்கவில்லை. வெளிக் கண்ட்ரோலரை இணைத்து ஆடினேன். பாதிக் குறை தீர்ந்தது, பொட்டலம் தீரவில்லை.

பழைய பெயருக்காக மட்டும் ஒன்றை வாங்குவதும் ஆபத்தே. டினோ டினியே 2016-இல் கிக் ஆஃப் ரிவைவல் என்று பிளேஸ்டேஷன் 4-இல் திரும்பிவந்தபோது விமர்சகர்கள் அதை வரவேற்கவில்லை. பந்து ஒட்டாதது மட்டும் போதாது, அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுமையும் அதைச் சுற்றி ஆடத்தக்க போட்டிகளும் வேண்டும் என்பது அங்கே புலப்பட்டது. என் அளவுகோலுக்கே அது பாதகமான சான்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுபுறம், டான் மார்ஷல் 2017-இல் வெளியிட்ட பிஹோல்ட் தி கிக்மென், கால்பந்தே தெரியாதவர் செய்த கால்பந்து கேம் என்று தன்னைத்தானே கேலிசெய்துகொண்டு வந்தது. வட்டமான மைதானமும், தூரத்திலிருந்து போட்டால் கூடுதல் மதிப்புப் பெறும் கோலும் கொண்ட அதை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கத் தயங்கினாலும், சிரித்துக்கொண்டே இரண்டு மாலைகள் ஆடினேன்.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், பக்கத்தில் உட்கார ஓர் ஆளும், கையில் உண்மையான கண்ட்ரோலரும் உள்ளவருக்குத் தயங்காமல். கால்பந்து விதிகள் முழுதாகத் தெரியாதவரையும் இது ஒதுக்காது. என் தங்கைக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றும் தெரியாது, ஆனாலும் இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை என்னைத் தோற்கடிக்கிறாள். தனியாகவே ஆடப்போகிறவர் சென்சிபிள் வேர்ல்ட் ஆஃப் சாக்கரின் மேலாளர் வாழ்க்கையில் தொடங்கட்டும், அதில் ஆளில்லாக் குறையை அணியை வளர்க்கும் ஆசை ஈடுகட்டும். தத்ரூபமான முகமும், உண்மையான மைதானமும், அச்சு அசலான சட்டையும் வேண்டுபவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். எந்தக் கேமானாலும் விலை கொடுப்பதற்கு முன் மாதிரி ஆட்டம் கிடைத்தால், ஒரு வீரரை நேராக ஓடவிட்டுச் சட்டென்று திருப்பிப் பாருங்கள்.